அசையாமையும் உணராமையும்

நண்டின் காலை ஒடித்தால் அது கதறுவதில்லை. இறாலின் தலையைக் கிள்ளினால் அது அலறுவதில்லை. நத்தையின்மேல் உப்பைத் தூவினால் நுரை பொங்குமேயன்றி ஒலி எழாது. ஆடு கத்தும், கோழி கொக்கரிக்கும், நாய் ஊளையிடும். குரலுடைய உயிரின் துன்பம், கேட்க விரும்பாதவன் செவியையும் தேடிச் சென்று தட்டும். குரலற்ற உயிரின் துன்பமோ, அஃது உண்டா இல்லையா என்னும் வழக்காகவே நெடுங்காலம் நின்றுவிட்டது.

சமையற்கட்டில் இவ்வழக்கை எவரும் விசாரிப்பதில்லை. கத்தி விரைவாக இறங்கும், குழம்பு கொதிக்கும், அத்துடன் முடிந்தது. ஆய்வுக்கூடத்தின் நிலை வேறு. அங்கே கணவாயும் நத்தையும் நண்டும் நெடுநேரம் மேசைமேல் கிடத்தப்படுகின்றன. உடல் திறக்கப்படுகிறது; நரம்பில் மின்முனை பொருத்தப்படுகிறது. முதுகெலும்பு இல்லாத இவ்வுயிர்களையும் அறுவைக்கு முன் உணர்விழக்கச் செய்தல் வேண்டுமா? வேண்டுமாயின், அவை மெய்யாகவே உணர்விழந்துவிட்டன என்பதை எவ்வாறு அறிவது? கடந்த சில பத்தாண்டுகளாக அறிவியலாரை உறுத்திவரும் வினாக்கள் இவை. இரண்டாவது வினாவிற்குள் ஒரு பொறி இருக்கிறது.

அப்பொறி இன்னதென்பதைத் தமிழ் பயில்வோர் விரைந்து உணர்வர். நெடுநேரம் மடித்து அமர்ந்தவனுக்குக் கால் மரத்துப்போகிறது. குளிரில் விரல் விறைத்துப்போகிறது. வாத நோயால் கை முடங்கிப்போகிறது. கடும் வெயிலில் நின்றவன் மயங்கி விழுகிறான். மரத்தல், விறைத்தல், முடங்குதல், மயங்குதல் ஆகிய நான்கும் ஒருபொருள் குறித்த பல சொற்கள் அல்ல. மரத்த காலில் தொடுவுணர்வு இல்லை. ஆனால் கால் உடையவன் விழித்திருக்கிறான். முடங்கிய கையில் அசைவு இல்லை. ஆனால் சிலர்க்கு முள் குத்தினால் வலி மட்டும் குறையாது. மயங்கியவன் இரண்டையும் ஒருங்கே இழந்து கிடக்கிறான். மாணவர் இச்சொற்களுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதுவதுண்டு. கட்டுரை ஏட்டில் அப்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஆய்வுக்கூடத்தில் அப்பிழைக்கு உரிய விலையை வேறோர் உயிர் கொடுக்கும்.

மனித இனமே இப்பிழையை முன்னர் ஒருமுறை செய்து திருத்திக்கொண்டது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் வில்லியம் மார்ட்டன் என்பார் ஈத்தர் ஆவியை நோயாளி ஒருவரை நுகரச் செய்தார். அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார். மறு ஆண்டே குளோரோஃபாமும் வந்தது. இவை மெய்யான மயக்க மருந்துகள். ஆனால் உடலியல் ஆய்வாளர் கையில் வேறொரு பொருளும் இருந்தது. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் கியூராரே என்னும் நஞ்சே அது. நரம்பு இடும் கட்டளையைத் தசை ஏற்காதவாறு அது தடுக்கும். கியூராரே ஏற்றப்பட்ட விலங்கு கட்டையைப் போலக் கிடக்கும். செயற்கையாக மூச்சூட்டினால் உயிர் பிழைத்திருக்கும். அறுப்பவனுக்கு அதைவிட வசதியான நிலை வேறில்லை. விலங்கு துள்ளுவதில்லை, கடிப்பதில்லை, கத்துவதும் இல்லை.

ஆனால் அது உணர்கிறதா? இங்கிலாந்தில் 1876ஆம் ஆண்டு, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமை பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆய்வுக்கூடங்களில் விலங்குகளை அறுப்பதற்கு வரம்பு கட்டிய சட்டம் அது. கியூராரேயை மயக்க மருந்தாகக் கருதலாகாது என்று அச்சட்டம் பெயர் சுட்டியே விலக்கியது. இதனை உடலால் மெய்ப்பித்தவர், 1947ஆம் ஆண்டில் தம் ஆய்வின் முடிவை வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் ஆவார். மூச்சை நிறுத்தப் போதுமான அளவிற்கும் மேலாகக் கியூராரேயின் சாரத்தை அவர் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். உடன் இருந்தோர் அவர்க்கு மூச்சூட்டினர். ஒரு விரலைக்கூட அசைக்க இயலாது கிடந்த அவர், தம்மைச் சுற்றி நடந்த அனைத்தையும் கேட்டார். தம் உடலில் பட்ட அனைத்தையும் உணர்ந்தார். மருந்தின் ஆற்றல் நீங்கியபின் அவற்றை எடுத்துரைத்தார். அவருக்கு வாய் இருந்தது. ஆகவே உலகம் அறிந்தது.

அந்த 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதே அவ்விதி. அசையாமை வேறு, உணராமை வேறு என்று நுட்பமாகக் கண்ட அதே சட்டம், ஓர் எலும்புத் தொடரை எல்லைக் கோடாக வைத்து, அதற்கு அப்பாலுள்ள உயிர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது! தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும் முறையைப் பயின்ற தமிழாசிரியர்க்கு இக்கோடு வியப்பளிக்கும். தொல்காப்பியர் எலும்பை எண்ணவில்லை, புலன்களை எண்ணினார். புல்லுக்கும் மரத்திற்கும் ஊறு என்னும் ஓரறிவு. நத்தை முதலியவற்றிற்கு ஈரறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மூவறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் நாலறிவு என்று அவர் வகுத்தார். இன்றைய விலங்கியல் இப்பட்டியலை அப்படியே ஏற்காது. நத்தைக்கும் மோப்பம் உண்டு என்று அது கூறும். ஆயினும், உயிரை அளக்கும் கோல் உணர்வே என்னும் அடிப்படையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இலக்கணம், விக்டோரியா அரசியார் காலத்துச் சட்டத்தினும் ஒரு படி முன்னிற்கிறது எனலாம்.

அக்கோட்டிற்கு அப்பால் நின்ற உயிர்களுக்கு அறிவியல் பட்டிருக்கும் கடன் பெரிது. சந்தையில் சோத்தோங் என்று விலைபேசப்படும் கணவாயின் உடலில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள நரம்பிழை ஒன்று ஓடுகிறது. அதன் சிறப்பை ஜே. இசட். யங் என்னும் விலங்கியலார் 1936ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் அவ்விழையினுள் மின்முனையைச் செலுத்தி, நரம்பில் செய்தி எவ்வாறு பாய்கிறது என்பதை அளந்தனர். 1952ஆம் ஆண்டில் அதனைக் கணக்கியல் வாய்பாடாகத் தந்தனர். 1963ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றனர். பல்லைப் பிடுங்குமுன் ஈற்றில் போடப்படும் மரப்பூசி நரம்பின் எவ்விடத்தில் தடையிடுகிறது என்று விளக்கிய ஆய்வுகளுள் சிலவும் கணவாயின் நரம்பிழையிலேயே நிகழ்ந்தவை. மனிதனின் வலியை நீக்கும் வழியை விளக்க உதவிய உயிருக்கு, வலி உண்டா என்று கேட்க வேண்டும் என்னும் எண்ணம் அன்று எச்சட்டத்திலும் இடம்பெறவில்லை.

1959ஆம் ஆண்டில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர், ஆய்வில் விலங்குகளை நடத்தும் முறை பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதினர். இயன்ற இடத்தில் விலங்கிற்கு மாற்றுத் தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என்பன அந்நூலின் மூன்று கொள்கைகள். போற்றத்தக்க நூலே அது. ஆயினும் மாற்று என்பதன்கீழ், உயர்விலங்கிற்குப் பதிலாக உணர்வற்றவை என்று கருதப்பட்ட தாழ்ந்த உயிர்களைப் பயன்படுத்தலும் அடங்கிற்று. எலியின் முதுகிலிருந்த சுமை, முதுகே இல்லாத உயிரின்மேல் இறங்கியது.

இவ்வுயிர்களுக்கு மயக்கப் பொருள் அறவே கொடுக்கப்படவில்லை என்று கூறுதல் பொருந்தாது, கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் நோக்கமே வேறாக இருந்தது. கடற்பாமையையும் நத்தையையும் நேரே ஃபார்மலினில் இட்டால் அவை சுருண்டுவிடும். கண்ணாடிக் குடுவையில் வைத்தால் உருவம் சிதைந்து காட்சியளிக்கும். ஆகவே முதலில் மக்னீசிய உப்பைக் கரைத்த நீரில் இட்டுத் தளரச் செய்து, அதன்பின் பதப்படுத்துவர். காட்சிப்பொருள் அழகாக அமைய வேண்டும் என்பதே கருத்து. உயிர் நோகலாகாது என்பதன்று. பழ ஈயை வைத்து மரபியலை வளர்த்த மார்கனின் கூடத்திலும் ஈக்களுக்கு ஈத்தர் காட்டப்பட்டது. பிற்காலத்தில் கரியமில வாயு அதன் இடத்தைப் பிடித்தது. உருப்பெருக்கியின்கீழ் ஆண் பெண் பிரித்து எண்ணும்வரை ஈ பறவாதிருக்க வேண்டும், அவ்வளவே. அருள் நோக்கமின்றிச் செய்த செயல் தற்செயலாக அருளாகவும் அமைந்திருக்கலாம். அமைந்ததா என்பதைத்தான் எவரும் சோதிக்கவில்லை.

மக்னீசியத்தின் கதை சற்று விரித்துரைக்கத்தக்கது. கடல்நீரிலேயே கலந்துள்ள பொருள் அது. உப்பளத்தில் உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரின் கசப்பு பெரும்பாலும் அதனுடையதே. நரம்பின் முனையிலிருந்து அடுத்த நரம்பிற்கோ தசைக்கோ செய்தி தாவ வேண்டுமானால், அம்முனைக்குள் கால்சியம் புகுதல் வேண்டும். மக்னீசியம் மிகுமிடத்துக் கால்சியம் புகும் வழி அடைபடுகிறது. செய்தி முனையிலேயே நின்றுவிடுகிறது. கடல்முயல் என்னும் கூடில்லா நத்தையைக் கொண்டு நினைவாற்றலை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர் எரிக் கேண்டல். அத்துறையில், அறுக்குமுன் கடல்முயலின் உடலில் மக்னீசியம் குளோரைடு கரைசலைச் செலுத்துதல் வழக்கமாயிற்று. 1985ஆம் ஆண்டில் மெசெஞ்சர் என்பாரும் அவர்தம் துணைவர்களும் கணவாய்க்கும் ஆக்டோபஸிற்கும் அதுவே ஏற்ற மயக்கப் பொருள் என்று எழுதினர்.

இங்கேதான் கியூராரேயின் நிழல் மீண்டும் படர்ந்தது. மக்னீசியம் தசைக்குச் செல்லும் செய்தியை நிறுத்துகிறது, அது தெளிவு. மூளைக்குச் செல்லும் செய்தியையும் நிறுத்துகிறதா? நிறுத்தவில்லையாயின், வெளுத்துத் தளர்ந்து தட்டில் கிடக்கும் ஆக்டோபஸ், ஸ்காட் ஸ்மித் கிடந்த நிலையில் கிடக்கிறது என்று பொருள். ஐம்பது கோடி நரம்பணுக்களை உடையது அவ்வுயிர்; அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கைகளிலேயே அமைந்துள்ளன. அக்கைகள் மூளைக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது.

2018ஆம் ஆண்டில் ராபின் குரூக் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் உடன் உழைத்தோரும், இவ்வினாவை நரம்பிடமே கேட்டனர். உடலிலிருந்தும் கையிலிருந்தும் மூளைக்குச் செல்லும் நரம்புகளில் மின்முனைகளைப் பொருத்தி, மயக்கத்திற்கு முன்னும் மயக்கத்தின்போதும் தெளிந்த பின்னும் அவ்வழியே ஓடும் செய்தியைப் பதிவு செய்தனர். மக்னீசியம் குளோரைடிலும் சாராயச் சத்தாகிய எத்தனாலிலும் மூழ்கிய உயிர்களில், மூளையை நோக்கிச் செல்லும் செய்தியும் அடங்கியது. தூய கடல்நீரில் மீண்டும் விட்டபோது திரும்பி வந்தது. முடங்குதல் மட்டுமன்று, உணர்விழத்தலே நிகழ்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று. மக்னீசியம் கணவாயினங்களைப் பொறுத்தவரை கியூராரே அன்று. இதனை அறிந்துகொள்ள மெசெஞ்சரின் கட்டுரைக்குப்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

ஐயவாதி ஒருவர் இவ்விடத்தில் எழுந்து கேட்கலாம்: செய்தி அடங்கியது என்றால், முன்னர் வலி இருந்தது என்றாகுமா? நேர்மையான கேள்வி. பள்ளித் திடலோரத்தில் படர்ந்திருக்கும் தொட்டாற்சுருங்கியே அதற்குச் சான்று. பிரெஞ்சு உடலியலறிஞர் கிளாட் பெர்னார், அச்செடியைக் கண்ணாடிக் கவிப்பினுள் வைத்து, ஈத்தரில் நனைத்த பஞ்சையும் உடன் வைத்தார். சற்று நேரத்தில் இலைகளைத் தொட்டால் அவை சுருங்கவில்லை. ஈத்தர் நீங்கியபின் மீண்டும் சுருங்கின. செடி மயங்கியது என்பதற்காகச் செடி முன்னர் வருந்தியது என்று கொள்வார் இலர். தொட்டால் சுருங்குவது வேறு, பட்டதை எண்ணி வருந்துவது வேறு. ஆகவே உயிர் தன் நோவை ஒரு பொருட்டாகக் கருதுகிறதா என்பதைக் காட்டும் சான்று தனியே வேண்டும்.

அத்தகைய சான்றுகளைத் தேடியோருள் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர் ராபர்ட் எல்வுட் முன்னிற்கிறார். இறாலின் உணர்கொம்பில் புளிப்பு அமிலத்தைத் தடவியபோது, அது அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் நீவியது. தொட்டியின் சுவரில் தேய்த்தது. மரப்பு மருந்தை முன்னரே பூசியிருந்தால் அச்செயல் குறைந்தது. வேறு ஆய்வாளர் வேறு இன இறால்களிலும் நன்னீர் நண்டுவகையிலும் சோதித்து, 2010ஆம் ஆண்டில், அத்தகைய விளைவு தென்படவில்லை என்று எழுதியதையும் கூறாதுவிடின் நடுநிலை ஆகாது. 2009ஆம் ஆண்டில் எல்வுட்டும் அப்பெல்லும் துறவி நண்டுகளை ஆராய்ந்தனர். ஒட்டுக்குள் குடியிருக்கும் அந்நண்டுகளுக்குச் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்தபோது, விருப்பமில்லாத ஒட்டில் இருந்தவை எளிதில் வெளியேறின. விரும்பிய ஒட்டில் இருந்தவை வெளியேறத் தயங்கின. சுருங்குவதற்கு மட்டும் தெரிந்த உயிர் இவ்வாறு விலை பார்ப்பதில்லை. நல்ல வீட்டை இழப்பதா, நோவைப் பொறுப்பதா என்று அந்நண்டு ஏதோ ஒரு வகையில் எடைபோடுகிறது.

2021ஆம் ஆண்டில் குரூக் வெளியிட்ட சான்று இன்னும் வலிது. ஆக்டோபஸ் ஒன்று தான் விரும்பிய அறையில் இருந்தபோது, அதன் கையில் நீர்த்த அசிட்டிக் அமிலம் ஊசியால் ஏற்றப்பட்டது. அதன்பின் அது அந்த அறையை வெறுத்தது. அமிலம் பட்ட இடத்தைத் தன் அலகால் கடித்துத் தோலை உரித்தது. லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்து கொடுக்கப்பட்ட அறையையோ, நோவுற்ற ஆக்டோபஸ் பின்னர் நாடிச் சென்றது. நோவற்ற ஆக்டோபஸிற்கு அம்மருந்தில் அத்தகைய நாட்டம் இல்லை. நோயாளி மருத்துவமனையை நாடுவதும் நலமுள்ளவன் அதைக் கடந்து போவதும் போன்றதே இது. (அமிலத்தைக் குத்தித்தான் இதனை அறிய வேண்டியிருந்தது என்பதையும் மறத்தற்கில்லை. அருளுக்குச் சான்று தேடும் வழியிலும் சில உயிர்கள் நொந்தன.)

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் முதுகெலும்புள்ளவற்றையே காத்தது. 1993ஆம் ஆண்டில், முதுகெலும்பில்லாதவற்றுள் ஒன்றாகிய பொது ஆக்டோபஸ் மட்டும் அதனுள் சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆணை, கணவாயினம் முழுவதற்கும் காப்பளித்தது; 2013ஆம் ஆண்டுமுதல் அது நடைமுறைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டில் இலண்டனில் ஜானதன் பர்ச் தலைமையிலான குழு முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சீர்தூக்கி, கணவாயினமும் நண்டு இறால் இனமும் உணர்வுடையவையாகக் கருதப்படல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம் அவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஈயும் எறும்பும் அங்கும் வெளியேதான். காலை இழந்த பழ ஈ, புண் ஆறிய பின்னும் வெப்பத்திற்கு மிகுதியாகக் கூசுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

மருந்துகள் என்று பார்த்தால் அவை அரியனவும் அல்ல, விலையுயர்ந்தனவும் அல்ல. நண்டுக்கும் இறாலுக்கும் கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் பயன்படுகிறது. பல்வலிக்குப் பாட்டிமார் பஞ்சில் தோய்த்து வைப்பார்களே, அதே எண்ணெய்தான். ஒருகாலத்தில் பினாங்குத் தீவின் தோட்டங்களில் விளைந்த பொருள் அது. நத்தைக்கு வழி இன்னும் எளிது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, நத்தையை நேரே கடும் சாராயத்தில் இட்டால் அது சுருண்டு கோழையைக் கக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே சாராயம் கலந்த நீரில் முதலில் இட்டால் அமைதியாகத் தளர்ந்து மயங்கும். அதன்பின்னரே கடும் சாராயத்திற்கு மாற்றுதல் வேண்டும். சாராயம் கிடைக்காத இடத்தில் பீர் போதும் என்றும் அவ்வாய்வாளர் சோதித்துக் காட்டினர். பள்ளி ஆய்வுக்கூடத்திற்குப் பீர் வாங்க எந்தத் தலைமையாசிரியர் ஒப்பமிடுவார் என்பது வேறு செய்தி! குளிரூட்டும் பழக்கம் மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது. பனிக்கட்டியில் இட்ட நண்டு அசைவதில்லை. அது விறைத்திருக்கிறதா, மயங்கியிருக்கிறதா என்பதில் ஆய்வாளர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு.

முறையாக நடைபெறும் ஆய்வுக்கூடத்தில் ஆக்டோபஸை மயங்கச் செய்வோர் அவசரப்படுவதில்லை. தொட்டி நீரில் மக்னீசியக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கலக்கின்றனர். முதலில் நிறம் மாறுகிறது. தோலின் பழுப்பும் செம்மையும் வடிந்து, உடல் வெளுக்கிறது. சுவரைப் பற்றியிருந்த உறிஞ்சிகள் ஒவ்வொன்றாகப் பிடி விடுகின்றன. கைகள் துவள்கின்றன. மூச்சு நெடியதாகி, மெல்லியதாகிறது. கையின் நுனியை இடுக்கியால் மெல்லக் கிள்ளிப் பார்க்கின்றனர். கை விலகவில்லையாயினும் உடனே தொடங்குவதில்லை, மேலும் காத்திருக்கின்றனர். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின், மருந்தில்லாத கடல்நீருக்கு அதனை மாற்றுகின்றனர். சிலபோது மூச்சு தானாகத் திரும்புவதில்லை. அப்போது ஒருவர் நீருக்குள் கையை விட்டு, அதன் பை போன்ற உடலை விரல்களால் அமுக்கியும் தளர்த்தியும், செவுளின் வழியே நீரை ஓட்டுகிறார். அமுக்குதல், தளர்த்துதல், மீண்டும் அமுக்குதல். சில வேளை நெடுநேரம் அவ்வாறே செய்ய வேண்டியிருக்கிறது. பின்னர், வெளுத்த தோலில் எங்கோ ஒரு புள்ளி கருக்கிறது, மறைகிறது, மீண்டும் கருக்கிறது. உடல் தானே ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. துவண்டு கிடந்த கைகளுள் ஒன்று மெல்ல அசைந்து, தன்னை அமுக்கிக்கொண்டிருக்கும் விரலை ஓர் உறிஞ்சியால் பற்றுகிறது.